தெரு ஏறுகிறது, என் வீடு இறங்குகிறது

நாணல்காட்டுக் கரையில் வாழும் என் தம்பி செஷ்கல்லாவுக்கு, உருக் நகரத்திலிருந்து உன் அண்ணன் லூகிரிசால் சொல்வது: இனன்னா தேவி உன்னையும் உன் மாடுகளையும் காக்கட்டும். நீங்கள் அனைவரும் நலம் என நம்புகிறேன். நான் நலமில்லை. எழுத்தர் வழக்கம்போல 'நலம்' என்றே பதிக்கப் பார்த்தார். களிமண் பலகையில் பொய் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

எட்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்குள் இரண்டு படி ஏறி வரவேண்டியிருந்தது. நீயே பார்த்துப் பொறாமைப்பட்டாய். இன்று மூன்று படி இறங்கவேண்டும். வீடு அசையவில்லை, தெருதான் ஏறிவிட்டது. இந்த நகரத்தார் அடுப்புச் சாம்பல், மீன் முள், உடைந்த சட்டி எல்லாவற்றையும் வாசலில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். போதாக்குறைக்குக் கோயில் ஆட்களுக்குப் பார்லி அளந்து கொடுக்கும் மட்டமான மண்கிண்ணங்கள் வேறு; ஒரு வேளை தின்றதும் வீசி எறிகிறார்கள். அத்தனையும் மிதிபட்டு மிதிபட்டுத் தெருவாகிவிடுகிறது. கதவு திறக்கவில்லையென்று இரண்டு முறை அடிப்பலகையை அறுத்தேன். போன வாரம் உன் அண்ணியின் தம்பி தெருவிலிருந்து கால் வழுக்கி நேரே பீர்ச் சாடியின் மேல் வந்து விழுந்தான். சாடி உடைந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் அதிர்ஷ்டம் அப்படி.

இதெல்லாம் போகட்டும். போன மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் என் வீட்டில்தான் தங்கியது. மேற்குச் சுவரின் அடியிலுள்ள மண்செங்கல் கரைந்து, விரலால் தோண்டினால் மாவாக வருகிறது. இன்னொரு மழை பெய்தால் சுவர் எங்கள் மேல் படுத்துவிடும். உன் அண்ணி பயத்தில் முற்றத்தில் படுக்கிறாள்.

எதிர்வீட்டுக் கெமேலம்மாவிடம் நியாயம் கேட்கப் போனேன். அவள் என் கண்ணெதிரே ஒரு கூடைச் சாம்பலைக் கொட்டிவிட்டுச் சொன்னாள்: "பின்ன தலையிலயா வச்சுக்க முடியும்? உங்க ஊர்ல ஆறு இருக்கு, அதுல கொட்டுவீங்க. எங்களுக்குத் தெரு இருக்கு."

வீதி மேலாளரிடம் போனேன். அவர் பேரீச்சங்கொட்டையைத் தெருவில் துப்பிவிட்டு, "எல்லாரும் தரைய ஒசத்திக்கிட்டாங்க, நீர் மட்டும் ஏன்யா பள்ளத்துல உட்காந்திருக்கீர்?" என்றார். நான் ஏன் உயர்த்தவேண்டும்? இவர்கள் குப்பைக்கு நான் எழுந்து நிற்கவேண்டுமா? ஆயிரக்கணக்கான பேர் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறார்கள், பக்கத்து வீட்டு வெங்காயம் இங்கே நாறுகிறது, ஆனால் ஒருவனுக்கும் அடுத்தவன் மேல் அக்கறை கிடையாது. இப்படியொரு கூட்டத்தை ஓரிடத்தில் சேர்த்துவைத்தவன் யாரென்று தெரிந்தால் அவனைக் கேட்டுவிடுவேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். மழைக்கு முன் நாணல் வெட்டி, உன் வீட்டுப் பக்கத்தில் எனக்கொரு குடில் கட்டி வை. மனிதனுக்கு மனிதன் உதவும் இடத்தில் மிச்ச நாளைக் கழிக்கிறேன். உன் பிள்ளைகள் நூறு மழை காணட்டும், உன் மாடுகளின் மடி வற்றாதிருக்கட்டும்.

பின்குறிப்பு: படகு வராததால் இந்தப் பலகை மூன்று நாளாகக் காயாமல் ஈரத்துணிக்குள் கிடந்தது. அதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. உன் அண்ணி போட்ட சத்தத்தில் தெருவே திரண்டு வந்தது. கெமேலம்மா முதல் ஆளாகக் கூடையோடு இறங்கினாள். சாம்பல், ஓடு, கிண்ணம் என்று ஊர்க்குப்பை முழுவதையும் அள்ளி வந்து என் தரையில் நிரப்பி மிதித்தார்கள். சுவரின் அடிக்கும் முட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. இன்று என் வீடுதான் தெருவிலேயே உயரம். காலையில் பெய்த மழைத் தண்ணீர் நேரே அடுத்த பள்ளமான கெமேலம்மா வீட்டுக்குள் போனது. வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாள். நகரத்தில் குடியிருந்தால் கொஞ்சம் அனுசரித்துத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். குடில் வேண்டாம். ஆனால் நாணலை வெட்டி அடுத்த படகிலேயே அனுப்பு. தரை உயர்ந்ததில் எனக்குத் தலை இடிக்கிறது, கூரையைத் தூக்கவேண்டும். மிச்ச நாணலைக் கெமேலம்மாவுக்குக் கொடுக்கவேண்டும், நாளை அவள் வீட்டுத் தரையை உயர்த்தப் போகிறோம்.