பென்சீனோடு பெண் பார்க்கப் போன கதை

ஒரு மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் அவன் ஆறு மூலை வளையமா, வெறும் நீட்டுச் சங்கிலியா என்று சொல்லிவிடக்கூடிய ஜீவன் இந்தப் பூமியில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் பென்சீன்.

திருமழிசை தொழிற்பேட்டையில் பெயிண்டுக்குத் தின்னர் கலக்கும் சின்னக் கம்பெனி. அதன் லேபில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். இரண்டு பேருமே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான். நான் அதைப் பாஸ் செய்தேன். அவன் அதைக் காதலித்தான். வாயைத் திறந்தால் பென்சீனும் அதன் ஆறு மூலை வளையமும்தான்; பெயரும் அப்படி வந்ததுதான். கம்பெனியில் டொலுயீன் உண்டு, சைலீன் உண்டு. பென்சீன் மட்டும் புற்றுநோய் தரும் என்பதால் உள்ளேயே விடமாட்டார்கள். கேட்டைத் தாண்டி வந்த ஒரே பென்சீன் அவன்தான்.

மேனேஜருக்கு அவன் வைத்த பெயர் நைட்ரோ.

"பென்சீன்ல நைட்ரோ குரூப் போய் ஒட்டிக்கிச்சின்னா ரிங்கே மந்தமாப்பூடும் மாமே. இந்தாளு உள்ள வந்தா லேப் மந்தமாவுதா இல்லியா?"

இது ஒருநாள் மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. "நைட்ரோன்னா என்னப்பா, ராக்கெட் மாதிரி வேகமா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமா சார்" என்றேன். அன்றிலிருந்து இன்னும் வேகமாக உள்ளே வர ஆரம்பித்தார்.

கேட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை பூஜை. கற்பூரத் தட்டு என்னிடம் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆகா, தெய்வீகமான வாசனை!" என்றேன்.

"அய்ய, மூஞ்ச எடு மாமே! இம்மாம் கரும்புகை வருது, வாசனை வேற காட்டிக் குடுக்குது. இது கற்பூரமே இல்ல, நாப்தலீன். பாச்சா உருண்டைய கண்ணுல ஒத்திகினு கீற."

அதற்குப் பிறகு எங்கள் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பக்தி வந்தது.

இப்படிப்பட்டவனை நான் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். யோசனை அம்மாவுடையது. அதற்கு முன் போன வீடுகளிலிருந்தெல்லாம் ஒரே மாதிரிதான் பதில் வந்திருந்தது: பையன் நல்ல பையன்தான், உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் சந்தேகம். "நீதான் வாயே தொறக்க மாட்டியே. நாலு வார்த்தை பேசறவன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வா" என்றாள் அம்மா.

திருவேற்காட்டில் ஒரு ஃபிளாட். பெண்ணின் பெயர் மீனா. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது; வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. கேசரி வந்தது. மீனாவின் அப்பா பென்சீன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி, உங்க ஃப்ரெண்டு எப்படி?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சார், பென்சீனைப் படத்துல பாத்தா மூணு டபுள் பாண்டு கீது. தொட்டாலே பிச்சிக்கும்னு நெனைப்பீங்க. ப்ரோமின் தண்ணிய ஊத்துங்க, கலரே போவாது. அவ்ளோ ஸ்டெடி. இவனும் அப்டித்தான். மேனேஜர் கத்துவாரு, நான் கத்துவேன், ஒண்ணியும் ஆவாது. இவனாண்ட எதுனா நடக்கணும்னா அயன் வோணும் சார். அயன் இல்லாம ரியாக்‌ஷனே இல்ல."

அம்மா என் சட்டையைப் பார்த்தாள். காலையில் அவளே அயன் செய்த சட்டை. மீனாவின் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ரத்தத்துலயா தம்பி?"

நான் மறுத்திருக்கலாம். வாயில் கேசரி இருந்தது. கேசரி இல்லாவிட்டாலும் மறுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். கதவோரம் நின்றிருந்த மீனா மட்டும் சினிமாவில் வருவதுபோலத் தாவணி நுனியால் இல்லை, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பென்சீனோடு நான் பேசவில்லை. நான் கோபமாக இருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. சாதாரண நாட்களிலும் நான் அப்படித்தானே வருவேன்.

மறுநாள் மீனாவின் அப்பா போன் செய்தார். தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அனுப்பினால் நல்லது. அவர் முகத்தில் கரியைப் பூசுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்க் கையை நீட்டினேன். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்துக் குறைபாடு.

பென்சீன் அதை வாங்கிப் பார்த்தான். குதிப்பான் என்று நினைத்தேன். முகம் சுண்டிப்போய், "மாமே, நான் சொன்ன அயன் வேற, ரியாக்‌ஷனைத் தூண்டி வுடற இரும்புத்தூளு" என்றான். பிறகு தலைவலி என்று நைட்ரோவிடம் சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவன் போனது திருவேற்காட்டுக்கு. அங்கே நடந்தது கல்யாணத்துக்குப் பிறகு மீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சார், கீரை துண்ணா ரத்தம் சரியாப்பூடும். நான் சொல்ல வந்தது அதில்ல. எங்க லேப்ல எல்லாரும் என் பேச்சு தாங்காம ஆளு மாத்தி ஆளு ஸ்டூலை நவுத்திகினு பூட்டாங்க. என் பக்கத்துல ஒக்காந்துகினு கீறது இவன் ஒருத்தன்தான். எவ்ளோ ஸ்டெடின்னு நீங்களே சொல்லுங்க."

மீனா தண்ணீர் சொம்போடு வந்து, "கீரை நான் செஞ்சு போட்டுக்கறேன்ப்பா" என்றாளாம்.

கல்யாணம்வரை தினமும் காலையில் பென்சீனின் ஹெல்மெட்டுக்குள் அவன் வீட்டு முருங்கைக்கீரை வந்தது. காம்பு ஆய்ந்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி என் டேபிளில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான்.

இப்போது அவன் குஜராத்தில் ஏதோ ஒரு சாயக் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனாவுக்குத்தான் போன் செய்வான். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாள். அனிலீன், பீனால் என்று அவன் பாட்டுக்கு முழங்குவான். நான் அந்தப் பக்கமே திரும்பாமல் சோபாவில் படுத்திருப்பேன். அவன் பேசி முடிக்கும்வரை டீவியில் சத்தம் வராது. மீனா கேட்டால், ரிமோட் ரிப்பேர் என்பேன்.