குழவிக்கல் இளைத்த கதை

ரேஷன் அரிசிக்கு ஒரு வரிசை நின்றது. உடம்பு இளைக்க இன்னொரு வரிசை நின்றது. நாற்பத்து மூன்றாம் வருஷம் பரமத்தி வேலூரில் இந்த இரண்டு வரிசையும் எதிரெதிரே நின்ற அழகை நான் கண்ணாரக் கண்டேன். முதல் வரிசையில் எலும்பு, இரண்டாம் வரிசையில் தொப்பை.

தொப்பை வரிசைக்கு எதிரே எழுந்தருளியிருந்தவர் லகிமானந்த சுவாமிகள். உடம்பைக் காற்றாக்கும் லகிமா சித்தியை இமயமலையில் பெற்றவராம். காற்றாகப் பறக்க வல்லவர் நாமக்கல்லிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸில்தான் வந்து இறங்கினார். மேட்டில் பஸ் திணறியபோது அவரும் இறங்கித் தள்ளினார் என்று கண்டக்டர் சொன்னார். பக்தர்கள் கண்டக்டரைத்தான் பொய்யன் என்றார்கள்.

சுவாமிகளின் கொட்டகை நடுவே ஒரு பெரிய தராசு தொங்கியது. மாலை, சந்தனம், குங்குமம், அபிஷேகம் எல்லாம் அதற்கும் உண்டு. இடப்பக்கம் பாவத் தட்டு, வலப்பக்கம் புண்ணியத் தட்டு. பக்தர் முதலில் பாவத் தட்டில் உட்கார வேண்டும். எதிரே படிக்கற்களை வைத்து, சீடன் சடையன் எடையைக் கூவுவான். சுவாமிகள் மந்திரம் ஓதியதும் பக்தர் புண்ணியத் தட்டுக்கு மாறுவார். என்ன ஆச்சரியம்! மூன்று வீசை குறைந்திருக்கும். கரைந்த கொழுப்பின் எடைக்கு வெல்லம் காணிக்கை. சர்க்கரை கிடைக்காத அந்த யுத்த காலத்தில் வெல்லம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பக்திக்குக் கேள்வி ஆகாது அல்லவா?

அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஆள் பாவத் தட்டில் உட்கார்ந்தால் பழைய எடையே காட்டும். "ஒரு வாரப் பாவம் சேர்ந்துவிட்டது, மகனே!" என்பார் சுவாமிகள். பக்தர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இத்தனைக்கும் இது வெல்லச் சந்தை நடக்கும் ஊர். "தட்டை மாத்தி வெய்யுங்க" என்று கேட்காமல் மண்டியில் சரக்கை விடும் விவசாயி இங்கே பிறக்கவில்லை. அந்த விவசாயிகள்தான் கொட்டகையில் கைகட்டி நின்றார்கள்.

பக்தர்களில் முதன்மையானவர் வெல்ல மண்டி செங்கோட்டையன். அறுபது வயது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நாமக்கல் டாக்டர், "நெய்யைக் குறையுங்கள், தினமும் மெதுவாக நடங்கள். இருதயத்துக்கு அதுதான் மருந்து" என்று சொல்லியிருந்தார். காசு வாங்காமல் சொன்ன யோசனை, எப்படிப் பிடிக்கும்? சுவாமிகளோ நடக்கவே கூடாது என்றார். நடந்தால் மந்திரம் கால் வழியே இறங்கிவிடுமாம். அதோடு தினம் மூன்று நெய் உருண்டை பிரசாதம். செங்கோட்டையன் இப்போது கொல்லைக்குப் போவதற்குக்கூட வண்டி கட்டச் சொன்னார்.

அவர் மனைவி சென்னியம்மாள் ஒரு நாள் அவருடைய அரைஞாண் கயிற்றை அவிழ்த்து நீட்டிக் கட்டினாள். அந்த மாதத்தில் அது இரண்டாவது தடவை.

"ஏனுங்க, வாராவாரம் எடை குறையுதுன்னு சொல்றீங்க. அரைஞாண் மட்டும் எப்படிங்க இறுக்குது?"

"கயிறு சுருங்கியிருக்கும் புள்ள."

"ஒரு மாசத்துல ரெண்டு தடவையா கயிறு சுருங்குமுங்க? உங்க அண்ணனும் இப்படித்தான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க."

அவருக்கு மூச்சு வாங்கியது. சென்னியம்மாள் அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளும் வண்டியில் ஏறினாள். மடியில் பட்டுத் துணி மூடிய கூடை. கொட்டகையில் அதை இறக்கியபோது தரை அதிர்ந்தது. சுவாமிகள் தியானத்திலிருந்தே ஒரு கண்ணைத் திறந்தார்.

"காணிக்கைங்க சாமி. முறைப்படி எடை போட்டு, மந்திரிச்சு ஏத்துக்கோணும்."

கனமான காணிக்கை. சுவாமிகள் மறு கண்ணையும் திறந்தார்.

கூடை பாவத் தட்டில் ஏறியது. சடையன் எடையைக் கூவினான். சுவாமிகள் மந்திரம் ஓதினார். பழகிய கை அல்லவா, சடையன் யோசிக்காமல் கூடையைப் புண்ணியத் தட்டுக்கு மாற்றிவிட்டான். படிக்கற்களைக் குறைத்தான். "அரை வீசை குறைஞ்சுதுங்கோ!" என்று கூவினான்.

சென்னியம்மாள் துணியை விலக்கினாள். உள்ளே இருந்தது ஆட்டுக்கல் குழவி.

"எங்கூட்டுக் கொழவிங்க. பொறந்ததுல இருந்து ஒரு கவளம் நெய் தின்னதில்ல. இதுக்கு எந்தக் கொழுப்புங்க சாமி கரைஞ்சுது?"

கொட்டகை வாயைப் பிளந்தது. சுவாமிகள் சளைக்கவில்லை. "கல்லிலும் ஜீவன் உண்டு, தாயே! அதன் பாவம் கரைந்தது."

கூட்டத்தில் கரும்பு விவசாயி மாரியப்பனுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்தது. "தட்டைத் திருப்பி மாத்தி வெய்யுங்க!"

குழவி மறுபடி பாவத் தட்டுக்குப் போனது. அரை வீசை திரும்பி வந்தது.

"ஏனுங்க, அதுக்குள்ள கல்லு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாரியப்பன். கொட்டகை இடிகிற மாதிரிச் சிரிப்பு. அவர் துண்டை எடுத்துத் தராசுத் தண்டின் இரண்டு கையையும் அளந்தார். பாவக் கை நீளம், புண்ணியக் கை குட்டை; நீளக் கையில் ஏறினால் எடை கூடும், குட்டைக் கையில் குறையும். வெறும் தட்டு சாய்ந்து காட்டிக்கொடுக்காமலிருக்க, புண்ணியத் தட்டின் அடியில் ஈயம் ஒட்டியிருந்தது.

சுவாமிகள் அன்றுதான் லகிமா சித்தியை உள்ளபடி காட்டினார். பின்பக்கத்து முள்வேலியை ஒரே தாவில் தாண்டினார். நெய் உருண்டையை அவர் ஒருநாளும் தொட்டதில்லை போலிருக்கிறது.

மாரியப்பன் தராசைத் தட்டிப் பார்த்தார். "இது எங்கயோ பார்த்த தராசா இருக்குதே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோட்டையன் முகத்தைத் துடைத்தார்.

"என்ற மண்டித் தராசுதானுங்க. நீங்கெல்லாம் தட்டை மாத்தி வெச்சுப் பார்த்துச் சண்டை புடிச்சப்புறம் மூலையில கெடந்துச்சு. சாமி கேட்டாரு, குடுத்தேன்."

"கள்ளத் தராசுன்னு உங்களுக்கே தெரியுமுல்ல! அப்புறம் நீங்களே ஏறி உக்காந்தீங்களா?"

"அபிஷேகம் பண்ணினாங்களே... அதுல கோளாறு தீர்ந்திருக்கும்னு நெனச்சனுங்க."

அவனவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சென்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்காரனைப் பார்த்து, "கொழவிய ஏத்திக்கிட்டு நீ போ" என்றாள். புருஷனைப் பார்த்து, "நீங்க நடங்க. மெதுவா நடங்க. நெஞ்சு வலிச்சா நில்லுங்க, நானும் நிக்கறேன்" என்றாள்.

கல் வண்டியில் போனது. மனிதர் நடந்தார். வாய்க்கால் கரையில் நின்று நின்று போனார். இரண்டு மாதம் தினமும் நடந்தார், நெய்யைத் தொடவில்லை. அரைஞாண் கயிறு தானாகவே தொளதொளத்தது. ஒரு நாள் மண்டி வரைக்கும் நிற்காமல் நடந்து போய், அங்கே நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சென்னியம்மாள் அழுதாள்.

அடுத்த சாமியார் வராமல் இருக்கப்போவதில்லை. கரி பஸ் போனாலும் பஸ் இன்னும் ஓடுகிறது. வரட்டும். வெல்லம் விற்கும்போது கேட்பதை அவரிடமும் கேளுங்கள்: "தட்டை மாத்தி வெய்யுங்க சாமி." கேட்க வாய் வரவில்லையென்றால், ஏறி உட்காருவதற்கு முன் ஒரு குழவிக்கல்லையாவது அனுப்பிப் பாருங்கள். ஒரு கூட்டத்துக்கே வராத புத்தி அதற்கு ஒரு தடவை வந்திருக்கிறது.