ஓதகரின் பரம்பரைப் பூண்டு

“அப்பாவோட விதைப்பூண்ட நட்டாச்சா?” என்று போனில், அவன் கட்டிக்கொள்ளப்போகிற யித்கா கேட்டாள். வோய்தா சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“நிலவறையில இருக்கே, அதுதானே? இன்னைக்கு நட்டுடறேன்.”

“நிலவறையா? அடுக்களையில சடை பின்னித் தொங்குமே, அதுப்பா.”

வோய்தா திரும்பிச் சுவரைப் பார்த்தான். ஊருக்குப் போன வருங்கால மாமனார் வீட்டில் முயல்களைப் பார்த்துக்கொள்ள வந்தவன், வந்த அன்றே சளி பிடித்து, தினம் அந்தப் பூண்டையே சூப்பாக வைத்துக் குடித்திருந்தான். சுவரில் பூண்டில்லாத வெறும் சடைதான் தொங்கியது.

“மாப்பிள்ளை கையால நடட்டும், அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்னு அப்பா சொன்னது ஞாபகமிருக்குல்ல? மதிய பஸ்ல வர்றாங்க.”

நிலவறைக் கூடையில் இருந்தது வெங்காயம்தான். கடைக்கு ஓடிப் பூண்டு வாங்கி வந்தான். ராத்திரிப் பனியில் பாத்தி கல்லாக இறுகிவிட்டிருந்தது. கொதிக்கும் வெந்நீரை ஊற்றினான். சேறானது, நின்று பார்ப்பதற்குள் அதுவும் உறையத் தொடங்கியது. பாழாய்ப்போன கடப்பாரையால் துளை போட்டுப் பற்களைத் திணித்தான். மேலே மூட வைக்கோல் இல்லை. முயல் கூண்டிலிருந்து உருவினான். முயல்கள் நடுங்கின. பாவமே என்று அவற்றை அடுக்களைக்குள் விட்டான். அவை வருங்கால மாமியார் ஆசையாக வளர்த்த ஜன்னல் பூச்செடிகளை மொட்டையடித்தன.

அப்போது படலைத் திறந்துகொண்டு, மனைவி லுத்மிலா பின்னால் வர, மாமனார் ஓதகர் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்திக்குப் போய், வைக்கோலை விலக்கி ஒரு பல்லை எடுத்து முகர்ந்தார். இத்தோடு கல்யாணம் போச்சு என்று வோய்தா கண்ணை மூடிக்கொண்டான்.

“இதான்டா பரம்பரைங்கறது,” என்றார் ஓதகர். “கண்ணைக் கட்டி விட்டாலும் எங்க தாத்தா பூண்டை நான் கண்டுபிடிச்சுடுவேன். கடைப் பூண்டுக்கு இந்த வாசம் வருமா? மே மாசக் கல்யாணம் ராசியில்லைம்பாங்க எங்க ஊர்ல, அது ஆகாது மாப்ள, ஜூன்ல வெச்சுக்கலாம்.”

வோய்தாவுக்கு மனசு கேட்கவில்லை. “மாமா, அது வந்து, ஒரு உண்மையைச் சொல்லணும்...”

மாமியார் லுத்மிலா அவன் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். காலடியில் திரிந்த முயல்களையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள்.

“வாயை மூடிக்கிட்டு இரு தம்பி,” என்றாள் மெதுவாக. “அவங்க தாத்தா பூண்டு, எங்க கல்யாணத்துல நான் வெச்ச வாத்துக் கறியோடவே தீந்துபோச்சு.”