நடுத்திட்டுக் குப்பத்தின் விசாக் கொள்கை

விசா என்ற மகத்தான ஏற்பாட்டை உலகுக்குத் தந்தது ஐரோப்பாவும் அல்ல, அமெரிக்காவும் அல்ல. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் நடுத்திட்டுக் குப்பம். இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. விலங்கியல் பட்டதாரி என்ற முறையில், ஆதாரத்தோடு சொல்கிறேன்.

ஏரி எல்லோருக்கும் பொது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாவம். இறால் நன்றாக விழும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு எங்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, முறை வைத்து இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை. சீட்டில் பெயர் இடம்பெற மூன்றே தகுதிகள்: இந்தக் குப்பத்தில் பிறந்திருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். எந்தத் தூதரகமாவது இவ்வளவு சுருக்கமாக விதி எழுதியிருக்கிறதா?

இந்தப் பெருமையை முதலில் உணர்ந்தவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். நாட்டின் பெயரைச் சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். ‘குளிர்நாடு’ என்று வைத்துக்கொள்வோம். அவர் இங்கே ஒரு மாதம் தங்கி, இறால் தின்று, ‘உலகின் மிகச் சமத்துவமான மீன்பிடி முறை’ என்று கட்டுரை எழுதினார். கட்டுரைக்கு விருது கிடைத்தது. நன்றிக்கடனாக, அவருடைய பல்கலைக்கழகத்தில் ஏரி அறிவியல் முதுகலை படிக்க, எங்கள் குப்பத்திலிருந்து ஒருவருக்கு இலவச இடம் ஒதுக்கினார். விமானச் செலவும் அவர்களுடையது. நிபந்தனை ஒன்றுதான்: அறிவியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும்.

குப்பத்தில் அறிவியல் பட்டம் பெற்ற ஒரே ஜீவன் நான். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் வந்து பெற்ற பட்டம். மேலே படிக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடிதத்தைப் படித்த அன்று எங்கள் வீட்டுக் கண்ணாடியிடம் மட்டும் சொன்னேன்.

குப்பத் தலைவர் சம்பந்தம் பெரியப்பா கூட்டம் போட்டார். சபையில் பெண்கள் உட்காரும் வழக்கமில்லை. சபையில் ஆங்கிலம் தெரிந்த ஆணும் இல்லை. ஆகவே நான் நின்றுகொண்டேன்.

“பாப்பா, மொதல்ல இந்த விசான்னா இன்னா, அத்த சொல்லு” என்றார் தலைவர்.

நான் சொன்னேன். சுற்றுலா விசா என்றால் போகலாம், பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது.

“ஞாயித்துக்கெயம போட்டுல குந்திக்கினு பூநாரை பாக்க வர்றாங்களே, அத்தான். அடுத்தது?”

வேலை விசா என்றால் அங்கே ஒரு முதலாளி கூப்பிட வேண்டும். அவரை விட்டு வேறு முதலாளியிடம் போனால் விசா போய்விடும்.

“ஏவாரிகிட்ட முன்பணம் வாங்குனவன் கத. தெரியும். அடுத்தது?”

மாணவர் விசா என்றால் படிக்கலாம். வாரத்தில் இருபது மணி நேரம் வேலையும் செய்யலாம். அதற்கு மேல் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“இன்னாது? வேல செஞ்சதுக்கா?” என்று எழுந்தார் செங்கல்வராயன் மாமா. “எம் புள்ள தீனா ஆயுசுல மொத்தமாவே இருவது மணி நேரம் செஞ்சதில்ல. அவன உட்டா அனுப்பவே மாட்டாங்கோ போல!”

பைக்கில் சாய்ந்திருந்த தீனா, பாராட்டை ஏற்கும் பாவனையில் தலையசைத்தான்.

படிப்பு முடிந்தபின் வேலை தேடும் விசாவும் உண்டு என்றேன். வேலை இல்லாமல் இருப்பதற்கு அரசாங்கம் தரும் அனுமதி.

“அதுக்கு ஒரு பேப்பரா? இங்க சும்மாவே கீறானுங்களே.”

இப்படி உலக நாடுகளின் குடிவரவுச் சட்டங்கள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஆராய்ந்து முடிக்கப்பட்டன. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“வெளியேர்ந்து குப்பத்துக்கு இன்னா வந்தாலும் பொது. சுனாமிக்கு வந்த போர்வைய சீட்டு போட்டோம். ஐஸ் பொட்டிய சீட்டு போட்டோம். இந்த சீட்டையும் சீட்டு போட்டுத்தான் ஆவணும். பாடுகாரங்க பேர அல்லாம் பானைல போடுங்க.”

என் நைனா துளசிங்கம் சபையில் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார்.

“தலைவரே, எம் பொண்ணு பேரையும் ஒரு ஓரமா போட்டுக்கலாமே. படிச்சது அவதானே?”

“துளசிங்கம், நல்லா ரோசன பண்ணு. நாளைக்கு அவ கண்ணாலம் கட்டிக்கினு வேற குப்பத்துக்குப் போவா. நம்ம பாடு அவங்க கைக்குப் பூடும். நம்மது வெளிய போவக் கூடாதுன்னுதானே நம்ம அப்பன் பாட்டன் இத்த கட்டிக் காத்தாங்கோ?”

“இது வெளிநாட்டு விசா தலைவரே. யாருக்கு வுயுந்தாலும் வெளியதானே போவணும்?”

“அத்தான் நானும் சொல்றேன். வெளிய போவக் கூடாது.”

இந்த வாதத்துக்கு அறிவியலில் பதில் இல்லை. நைனா உட்கார்ந்துவிட்டார். சீட்டுக் குலுக்கப்பட்டது. இறைவன் சித்தம், குளிர்நாட்டு முதுகலைப் படிப்பு செங்கல்வராயன் மாமாவுக்கு விழுந்தது.

மாமா நல்ல மனிதர். கைநாட்டுப் பேர்வழி. பொன்னேரிக்குப் போனாலே தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்துவிடுவார். பிடிபட்ட நண்டு மாதிரி நாலு பக்கமும் பார்த்தார்.

“எத்தினி நாளு படிக்கணும்?”

“ரெண்டு வருசம் மாமா.”

“மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கு வுடுவாங்களா?”

ஒருவருக்கே இரண்டு வருடமும் போவது பாடு முறைக்கு அடுக்காது என்று இன்னொரு பாடுகாரர் நினைவூட்டினார். முறை மாற்றுவதுதானே பாடு? ஆகவே முதல் பருவம் செங்கல்வராயன் படிப்பது, இரண்டாம் பருவத்தை அடுத்த சீட்டுக்காரர் படிப்பது, பட்டத்தைக் கோயிலில் மாட்டிவைப்பது என்று தீர்மானமாயிற்று. நானே அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கமா, புள்ளி எல்லாம் சரியாக வைத்தேன். எழுத்துப்பிழை மட்டும் நாலு.

பேராசிரியர் மறுநாளே வீடியோவில் வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“எவ்வளவு அழகான முடிவு! ஒரு பட்டத்தைக்கூடப் பொதுச் சொத்தாக்கும் சமூகம்! உங்கள் மரபில் நாங்கள் தலையிட மாட்டோம்” என்றார்.

அவர் சொன்னதைச் சபைக்கு மொழிபெயர்த்துவிட்டு, எனக்காக ஒரு வரி சேர்த்துக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

“பெண்களின் பெயர் சீட்டில் இல்லையே, சார்?”

“அது உள்ளூர்ப் பண்பாட்டின் நுட்பமான விஷயம். வெளியாள் நான் கருத்துச் சொல்வது ஆதிக்க மனப்பான்மை ஆகிவிடும்.”

“அறிவியல் பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை?”

“அது எங்கள் பல்கலைக்கழகத்தின் மரபு. அதையும் மதித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும்.”

இரண்டு மரபுகள் நேருக்கு நேர் நின்றன. இடம் செங்கல்வராயன் மாமாவிடம். பட்டம் என்னிடம். ஒரு ராத்திரி யோசித்த தலைவர், உலக ராஜதந்திரிகள் வெட்கப்படும் தீர்வோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பாடு அவங்க வூட்டுது. பட்டம் உங்க வூட்டுது. ரெண்டும் ஒரே வூடாயிட்டா? தீனாவுக்குப் பாப்பாவ கட்டி வெச்சிடுவோம். மருமவளா போவட்டும். அல்லா சட்டமும் சரியாப்பூடும்.”

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை உதறினாள். அம்மாவின் பெயர் வேலம்மா. சந்தையில் அவள் விலை சொன்னால் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

“எம் பொண்ணு இன்னா ஐஸ் பொட்டியா, சீட்டு வுயுந்தவன் தூக்கிக்கினு போவ?”

“கோவப்படாதம்மா. இல்லன்னா சீட்டு வீணாப்பூடும். பாப்பா, நீ இன்னா சொல்ற?”

நான் தரையைப் பார்த்தேன். படிக்க வேண்டுமானால் தீனா. தீனா வேண்டாமென்றால், சபைப் பேச்சை மீறியவள் என்று பொன்னேரி பஸ்கூட இனி கிடையாது. என் மௌனம் சம்மதமாகப் பதிவு செய்யப்பட்டது. மௌனத்தை வேறு எதுவாகவும் பதிவு செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை.

செய்தி தெரிந்ததும் தீனா பழவேற்காடு போய் முடி வெட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தான். கையில்லாத பனியனோடு ஒரு படம் எடுத்து, ‘ஃபாரின் சூன்’ என்று போனில் போட்டான். ஏரிக்கரையில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம், “மச்சான், எனக்கு ஒரு செண்டு அனுப்புடா” என்றார்கள். அவனும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டான்.

வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். தாலிக்கு நாள் குறிக்க வேண்டும். தீனா எழுந்து ஒரு சந்தேகம் கேட்டான்.

“அவளுக்கு ஸ்டூடண்டு விசா. சரி. எனக்கு இன்னா விசா?”

போனில் தேடிப் பார்த்தேன். “சார்ந்திருப்போர் விசா.”

“ஸோக்கா கீதே பேரு! அதுல இன்னா இன்னா உண்டு? படி படி.”

எனக்குக் குரல் சிறியது. ஆகவே எல்லோரும் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து மணலில் பாய் விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்தினார்கள்.

“சார்ந்திருப்பவருக்குத் தனி உரிமை கிடையாது. எல்லாம் மாணவியின் பெயரில்தான்.”

“இன்னாது?” என்றார் தலைவர்.

“விண்ணப்பத்தில் அவருடைய தொழில் என்ன என்ற இடத்தில், ‘மாணவியின் கணவர்’ என்று போட வேண்டும்.”

“தொயிலே அத்தானா?” தீனா கண்ணாடியைக் கழற்றினான்.

“மாணவி திரும்பினால் அவரும் திரும்ப வேண்டும். தனியாகத் தங்க முடியாது.”

“அவ வான்னா வரணும், போன்னா போவணுமா? இன்னா அநியாயம்ப்பா இது!”

“மாணவி வேண்டாம் என்று விலகிவிட்டால் அவருடைய விசாவும் ரத்தாகும்.”

“நடுத்தெருவுல வுட்ருவாளா?” செங்கல்வராயன் மாமா மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “எம் புள்ள இன்னா பாவம் பண்ணான்? பொறந்து வளந்து ஆளானவன், இன்னொருத்தர் பேரச் சொல்லிக்கினு அண்டிப் பொயைக்கணுமா? இது ஒரு பொயப்பா? மனுசன் இருப்பானா இதுல?”

“வாடக வூடு புடிக்கிறதுக்குக்கூட அவ கையெழுத்தா?” என்றார் தலைவர்.

“பெரும்பாலும் ஆமாம், பெரியப்பா.”

“தூ!” என்று தலைவர் துப்பினார். “இவனுங்கள போயி நாகரிகமான தேசம்ன்றாங்க!”

நெத்திலிப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒருத்தியிடம் ஆரம்பித்து, பாய் பாயாகத் தாவி, கடைசியில் மாமாவின் மனைவி குப்பம்மாள் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“இன்னாமே சிரிப்பு அங்க?”

“ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க, சொல்லுங்க. கேக்க நல்லா கீது.”

சபை அவர்களைப் பொருட்படுத்தாமல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரு மனிதன் இன்னொரு மனிதரின் பெயரில், இன்னொருவர் தயவில், எந்த உரிமையும் இல்லாமல் வாழ்வது மனித மாண்புக்கு இழுக்கு. அப்படிப்பட்ட இழிவை நடுத்திட்டுக் குப்பம் ஒருநாளும் அனுமதிக்காது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் புல்லரித்தது. மனித உரிமை குறித்து இவ்வளவு நெஞ்சுருகும் பேச்சை நான் கல்லூரியிலும் கேட்டதில்லை.

கல்யாணம் நின்றது. தீனா என் பக்கம் பார்க்கவே பயந்தான். செங்கல்வராயன் மாமா, கழுத்திலிருந்து கயிறு இறங்கினவர்போல, “எனக்கு அந்த சீட்டு வோணாம்” என்று மூன்று முறை சொன்னார்.

“அப்ப அடுத்தவன் எடுத்துக்கோ” என்றார் தலைவர். யாரும் கை நீட்டவில்லை. அவமானம் பட்ட சீட்டு.

நைனா இரண்டாவது தடவையாக வாய் திறந்தார். “தலைவரே, ஒரு சந்தேகம். வலைல வர்றதுல, பாடுகாரன் எவனும் வோணாம்னு ஒதுக்குன கயிவு மீன இன்னா பண்ணுவோம்?”

“இன்னா பண்ணுவோம்? பொம்பளைங்களாண்ட குடுத்துடுவோம். பொறுக்கிக்கினு போவாங்கோ. இது தெரியாதா உனுக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் தலைவர் யோசித்தார். ஆனால் மரபு மரபுதான். அதை அவரே சபையில் சொல்லியாயிற்று. அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெத்திலிப் பக்கமிருந்து நேராக நடந்து வந்தாள்.

“குடுங்க. நா பொறுக்கிக்கிறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை என் பெயர் குளிர்நாட்டுக்குப் போனது. பேராசிரியர் பூரித்துப்போனார். பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த பாடு முறையின் முற்போக்குத் தன்மை பற்றி இரண்டாவது கட்டுரை எழுதப்போகிறாராம். தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோயிலில் மாட்ட ஆணி அடித்துவிட்டார்.

இப்போது விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல விண்ணப்பம். என்னைப் பற்றி இத்தனை கேள்விகளை இதுவரை யாரும் என்னிடமே கேட்டதில்லை. பொய்யான தகவல் தந்தால் விசா மறுக்கப்படும் என்று மேலேயே தடித்த எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள். நான் சட்டத்துக்குப் பயந்தவள். ஆகவே கடைசிப் பக்கத்தில், ‘இதற்கு முன் எந்த நாட்டிலாவது சார்ந்திருப்போராக வசித்ததுண்டா?’ என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்று எழுதினேன். நாடு: இந்தியா. காலம்: பிறந்தது முதல் இன்றுவரை.

‘யாரைச் சார்ந்து?’ என்ற கட்டம் மட்டும் மிகவும் சிறியது. குப்பத்துப் பாடுகாரர்கள் அத்தனை பேரையும் எழுத வேண்டியிருக்கிறது. கூடுதல் தாள் கேட்டிருக்கிறேன்.