புதுச் சுவருக்குத் தண்ணீர் காட்டினேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரிடமும் கேள்வி கேட்கக் கூச்சம். அதனால் கேட்காமலே சந்தேகப்பட்டுவிடுவேன்.

கோவில்பதாகையில் எங்கள் வீடு ஒரு ஹாலும் சமையலறையும்தான். மகன் குமாருக்குப் பெண் பேசியபோது, பெண்ணின் தாய்மாமன் நசரத்பேட்டையிலிருந்து வந்து, "எங்க புவனாவுக்குத் தனி ரூம் கீதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். "ஆயிடும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கல்யாணமே நிச்சயமானது.

ஹாலின் நடுவே தடுப்புச் சுவர் வைக்க வந்த செல்வம், "ஜிப்சம் போர்டு போட்டுடலாம் அண்ணாத்தே" என்றான். பலகையைக் கொண்டுவந்த கடைக்காரர் பிளாஸ்டர் போர்டு என்றார். குமாரோ, "டிரைவால்பா, வெளிநாட்ல அப்டிதான் சொல்வாங்க" என்றான். மூன்று பெயரில் திரிகிறவனைப் போலீஸ்தான் தேடும். ஏதோ ஒன்றைச் சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டுகிறார்கள் என்று முடிவு செய்தேன். (செல்வத்திடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் என்னைவிடச் சத்தமாகப் பேசுவான்.)

வேலை முடிந்த வேகம் சந்தேகத்தை வளர்த்தது. தகரச் சட்டம் நிறுத்தினான், பலகையைத் திருகினான், இணைப்புகளைப் பூசினான், பெயின்ட் அடித்தான். இரண்டே நாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை! இந்த வீடு கட்டியபோது ஒவ்வொரு சுவருக்கும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி உறுதியாக்கியவன் நான். தண்ணீர் குடிக்காத புதுச் சுவர் எப்படி நிற்கும்?

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் மற்றவர்கள் எழுவதற்கு முன் அறைக்குள் போய், சுவரின் அடியில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். அது உறிஞ்சிய உறிஞ்சலைப் பார்த்து, பாவம், எவ்வளவு தாகம் என்று நினைத்தேன்.

"இன்னாயா, தரை துடைக்கிற?" என்றாள் மனைவி கஸ்தூரி. "கல்யாண ஊடுன்னதும் புத்தி வந்துகீது."

மறுவீட்டுக்குப் பெண்ணோடு தாய்மாமனும் வந்தார். சந்தேகத்தில் அவர் எனக்கு அண்ணன். சுவரைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார், பிறகு உறுதி பார்க்க முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். அடுத்த நொடி இடுப்புக்கு மேல் புதுப்பெண்ணின் அறையில், இடுப்புக்குக் கீழ் ஹாலில் இருந்தார்.

வெள்ளை மாவு பூசிய முகத்தோடு எழுந்து, "புவனா, பொட்டிய எடு, கெளம்பு!" என்று கத்தினார்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற மருமகள் அசையவில்லை. "ரூம் கீது மாமா, செவுருதான் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். மாமனால் கோபத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

செல்வம் வந்து உப்பியிருந்த பலகையைக் கிள்ளினான். பிட்டு மாதிரி உதிர்ந்தது. நான் உண்மையைச் சொன்னேன்.

"உள்ள கீறது ஜிப்சம் மாவு, மேல காயிதம். இதுக்குப் போயா தண்ணி ஊத்துவ? எந்தப் பேரு சொன்னாலும் அதே பலகைதான் அண்ணாத்தே. நான் சைட்ல மேஸ்திரி, ஊட்ல குட்டி, ஆதார்ல செல்வம். அதுக்குன்னு மூணு ஆளா நானு?"

புதுப் பலகை வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றும் மழை பிடித்தால் மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"மாமா, வெளிச்செவுரு எல்லாம் நல்லா நனைஞ்சிகினு கீது. இன்னிக்கு உங்களுக்கு லீவு!"