இடப்பக்கம் சாய்ந்த கொழுந்து

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. நெருப்பை மூட்டியவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் நாகரிகத்தின் உச்சிப்படியாகிய 'நவீன அலங்காரப் பொத்தான் சேகரிப்பை' கண்டி மாநகருக்குக் கொண்டுவந்தவர் திருவாளர் சுந்தரலிங்கம்தான் என்பதை நாடறியும். நாடறியாவிட்டாலும் அவர் தலைமை தாங்கும் பொத்தான் சேகரிப்பு மன்றத்தின் ஏழு உறுப்பினர்களும் அறிவார்கள். அவர்களில் நான்கு பேர் அவருடைய மச்சான்மார்.

மன்றச் செயலாளர் ராஜலிங்கம் மச்சான் இல்லை, கிளார்க். குண்டசாலையில் சுந்தரலிங்கம் மனேஜராக வீற்றிருக்கும் பொத்தான் தொழிற்சாலையில் பகல் முழுக்கத் தட்டச்சு. மாலையானால் மன்றத்துக்குக் கூட்டக் குறிப்பு. தலைவர் திருவாய் மலர்ந்ததில் ஒரு சொல்லும் தப்பக்கூடாது. தும்மினால்கூட அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். முடிவில் 'உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்ற வரியின் கீழே தலைவர் வாசிக்காமலே கையெழுத்திடுவார்.

"நான் கதைச்சதை நானே வாசிக்கிறதோ, தம்பி?" என்பார். நியாயம்தானே! ராஜலிங்கத்துக்கு அவர்மேல் அப்படியொரு பக்தி.

தொழிற்சாலையின் மகுடம், கொழுந்துப் பொத்தான். கண்ணாடிபோல் தெளிந்த பிசினை அச்சுக்குழியில் பாதி ஊற்றி, பதமாக உலர்த்திய தேயிலைக் கொழுந்தை அதில் படுக்கவைத்து, மேலே மறுபாதியை ஊற்ற வேண்டும். ஊசியால் குமிழிகளைக் குத்தியெடுத்து, இறுகியதும் துளைபோட்டு மெருகேற்றினால் ஏதோவொரு வெளிநாட்டுச் சீமாட்டியின் கோட்டில் நம் தேயிலை தளிர்க்கும். புது ரகம் எது வந்தாலும் முதல் அச்சுத் தட்டுக்குக் கொழுந்து வைப்பவள் மூக்காயி. தெல்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவளுடைய கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது.

போன மாதம் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு புது ரகத்திலும் மாதிரிக்கு வைக்க வேண்டிய முதல் பொத்தான் காணவில்லை, மொத்தம் பதினொன்று, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? சுந்தரலிங்கம் பொங்கி எழுந்தார். மாலையில் வாசலில் பெண்களின் கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார், சோற்றுப் பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். ஒரேயொரு கறிவேப்பிலை விழுந்தது.

"முதல் தட்டைத் தொடுறவள் ஆர்? மூக்காயி! அப்ப எடுத்தவளும் அவள்தான்" என்று துப்புத் துலக்கி முடித்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வேலைநீக்கக் கடிதத்தை ராஜலிங்கம் வெள்ளிக்கிழமையே தட்டச்சு செய்து வைத்துவிட்டார். முன்னேற்பாடு என்றால் அதல்லவா முன்னேற்பாடு!

மூக்காயி அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கிளாக்கர் ஐயா, இந்த வேல போச்சுன்னா எம் புள்ள படிப்பு நின்னுருங்க. அந்தப் பட்டன வச்சி நான் என்னாங்க பண்றது? தைக்கிறதுக்கு எங்கிட்ட ஒரு கோட்டு இருக்கா?"

"அதெல்லாம் திங்கக்கிழம சொல்லும்மா. நாளைக்கி மன்றத்துக் கண்காட்சிக்கு மட்டும் மறக்காம வந்துரு. பட்டன் செய்ற விளக்கம் நீதான் காட்டணும்."

களவாணியே ஆனாலும் கலைக்கு அவள் தேவைப்பட்டாள்.

சனிக்கிழமை கண்டி நகரத்து மண்டபமொன்றில் நீல வெல்வெட்டின்மேல், கண்ணாடிப் பேழைக்குள் 'தலைவரின் சொந்தச் சேகரிப்பு' ஜொலித்தது. பேராதனையிலிருந்து பேராசிரியை மார்கிரட் பிரதம விருந்தினராக வந்திருந்தார். மூலையில் மூக்காயி பிசின் ஊற்றிக் கொழுந்து வைப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேழையடிக்குப் போனார்.

"ரொம்ப அழகு. ஆனா இந்தப் பதினொன்னுலயும் கொழுந்து இடப்பக்கமா சாஞ்சிருக்கே, ஏன்?"

"அது ஒரு தத்துவம், மேடம்" என்றார் தலைவர்.

"தத்துவம் எல்லாம் இல்லீங்க டீச்சர்" என்றாள் மூக்காயி. "நான் எடது கைக்காரிங்க. நான் வச்சா அப்புடித்தான் சாயும். மத்தவங்க வச்சதெல்லாம் சோத்தாங்கைப் பக்கமா சாயும்."

பதினொன்று! குறிப்பெழுதிக்கொண்டிருந்த ராஜலிங்கத்தின் பேனா அப்படியே நின்றது. வேலைநீக்கக் கடிதத்தில் அந்த எண்ணை மூன்று பிரதி தட்டியது அவருடைய விரல்தான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"அப்ப இதெல்லாம் நீங்க கடையில வாங்கினதா?" என்று பேராசிரியை கேட்டார்.

கடையா! தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கடையில வாங்கிறதெல்லாம் ஒரு சேகரிப்பே, மேடம்? புது ரகம் வார்த்து முதல் தட்டு வெளியில வந்த உடனயே, அதில முதலாவதை நானே எடுத்துப் பொக்கற்றில போட்டிடுவன். பதினொண்டும் அப்பிடி வந்ததுதான். ஒரு சனத்துக்கும் தெரியாது!" என்று சொல்லிக் கடகடவென்று சிரித்தார்.

மச்சான்மார் நால்வரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் மூக்காயி மெல்ல ராஜலிங்கத்தின் பக்கத்தில் வந்தாள். "கிளாக்கர் ஐயா, அத எழுதிட்டீங்களா?"

ராஜலிங்கம் பக்தியோடு எழுதினார். ஒரு சொல்லும் விடவில்லை. சிரிப்பையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டைப் பணிவாக நீட்டினார். தலைவர் வாசிக்கவில்லை. விருந்தினர் பார்த்துக்கொண்டிருக்க, நீளமாக வால் இழுத்துக் கையெழுத்திட்டார்.

மூக்காயி அந்த வாலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஐயா, திங்கக்கிழம பத்து மணிக்கு நான் ஆபீசுக்கு வரணுங்களா?"

"வேணாம்மா, நீ எப்பவும் போல வேலயப் பாரு" என்றார் ராஜலிங்கம், மையை ஊதிக் காயவைத்தபடி. "இது கொழும்புக்குப் போகுது. விசாரணைக்கி அவரு வந்தாப் போதும்."