சன்னத்தின் மூக்கை நம்பாதவர்

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இருந்த தமிழர் அத்தனை பேரையும் ஹம் ரயில் நிலையத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, "உங்களில் யார் சன்னத்தின் மூக்கை நம்பாதவர்?" என்று கேட்டிருந்தால், கை தூக்கக்கூடிய ஒரே மனிதர் மில்லி அண்ணைதான். மற்றவர்கள் கேள்வி விளங்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பேன். இத்தனை வருடம் கழிந்தும் அந்தக் கேள்வி எனக்கு முழுதாக விளங்கிவிட்டது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

சன்னம் என்றால் துவக்கிலிருந்து, அதாவது துப்பாக்கியிலிருந்து, புறப்பட்டுப் போகிற ஈயத்துண்டு. தமிழ்நாட்டு வாசகர்கள் தோட்டா, குண்டு என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவார்கள். மில்லி அண்ணையிடம் அந்தப் பருப்பு வேகாது. பித்தளைக் கோது வேறு, அதற்குள் போடுகிற மருந்து வேறு, கோதின் வாயில் செருகியிருக்கிற சன்னம் வேறு. எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. எங்களைப் படியில் கண்டால் படியில் வைத்து இதைச் சொல்லுவார், பஸ்ஸில் கண்டால் பஸ்ஸில் வைத்துச் சொல்லுவார். பக்கத்து இருக்கை ஜெர்மன்காரிக்குத் தமிழ் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம்.

தண்ணீர்க் குழாய்த் திருகிகள் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு அளவு பார்க்கிற வேலை. வேலை முடிந்து வந்தாலும் அளவு முடியாது. நாங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மட்டும் தொட்டுவிட்டு மறந்த வேணியர் இடுக்கிமானி, அவருக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி. அவருடைய மனைவி எங்கள் எல்லாருக்கும் அக்கா. அக்கா பிழிந்த இடியப்பத்தை அளந்துவிட்டு, "இண்டைக்கு நூல் தடிப்பு" என்பார். அக்கா இடியப்ப உரலைத் தூக்கிக் காட்டினால்தான் வாய் மூடும். அதே வீட்டின் மேல்தட்டு அறையில் குடியிருந்து அக்காவின் கையால் சாப்பிட்டு வந்தவன் நான். ஒரு நாள் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்த என்னை வாசலிலேயே மறித்து, "தம்பி, இடப்பக்கம் ரெண்டு மில்லி கூட. திருப்பிப் போ" என்றார். நான் போனேன். முடிதிருத்துகிறவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சத்தம் மட்டும் ஆகாது. பிறந்தநாள் வீட்டில் ஒரு பலூன் வெடித்தால், கேக் தட்டோடு மேசைக்குக் கீழே இருப்பார். யாரும் சிரிப்பதில்லை. எங்களில் பாதிப்பேர் அப்போது பாதி குனிந்துதான் நிற்போம். வருடக் கடைசி நாளில் ஜெர்மன்காரர் தெருவெல்லாம் வெடி கொளுத்தத் தொடங்கினால், தலையணையும் கையுமாக நிலவறைக்கு இறங்கிவிடுவார். அந்த நிலவறையில்தான் கீழ்வீட்டு ஓப்பாவைக் கண்டுபிடித்தார்.

ஓப்பா என்றால் ஜெர்மன் மொழியில் தாத்தா. உண்மைப் பெயர் கதவில் எழுதியிருந்தது, வாசிக்க நாக்குச் சுளுக்கும். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சுடுகழகத்தில், குறி பார்த்துச் சுடுகிறவர்களின் சங்கத்தில், பழைய உறுப்பினர். தோட்டாவைக் கடையில் வாங்காமல் தானே செய்துகொள்ள அரசாங்க அனுமதி வைத்திருந்தார். துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். அவருக்கும் தெருவில் வெடிக்கிற வெடி பிடிக்காதாம், குறி இல்லாத சத்தமாம். ஒருவர் சத்தத்துக்குப் பயந்து இறங்கியவர். மற்றவர் சத்தத்துக்குக் குறி வேண்டும் என்று இறங்கியவர். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்பது எனது குழப்பங்களில் முதலாவது.

ஓப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. வேணியரின் சின்னக் கோடுகள் தெரிவதில்லை. அண்ணை வாசித்துச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலவறையில் இவர்கள் இரண்டு பேரும், நடுவில் ஒரு மேசைவிளக்கும். துவக்கைத் தொடவே மாட்டாத மனிதர் சன்னம் அளக்கப் போகிறார் என்பதை அக்கா ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் அங்கே இருப்பவர்களுக்குத் தலை சுற்றும் என்றார்.

"என்னத்தை அண்ணை அப்பிடி அளக்கிறியள்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குசினிக்குப் போய் ஒரு காரட்டையும் அக்காவின் வளையல் ஒன்றையும் கொண்டுவந்தார்.

"இஞ்சை பார். காரட்டை வளையலுக்கை விடுறன். ஒரு இடத்திலை இறுகி நிக்குதோ?"

"ஓம்."

"அந்த இடந்தான் முக்கியம். காரட்டின்ரை நுனி ஒண்டிலை கட்டை, ஒண்டிலை நீட்டு. ஒரே பெட்டிக்கை வாற சன்னமும் அப்பிடித்தான். நுனிதான் மூக்கு, அதிலையிருந்து அளந்தால் அளவு பிழைச்சுப்போம். மூக்கை நம்பாதை. அடியிலையிருந்து, வளையல் இறுகிற இடம் மட்டும் அளக்க வேணும். சன்னம் கோதுக்கை எவ்வளவு ஆழத்திலை இருக்க வேணுமெண்டு அதிலைதான் தெரியும். விளங்குதோ?"

"இதிலை துவக்கு எது அண்ணை?"

"வளையல்தான்ரா துவக்கின்ரை குழல்!"

"அப்ப காரட்?"

"சன்னம்."

"அப்ப கோது?"

அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். கோதுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அதற்குள் அக்கா வந்து, "சாம்பாருக்கு வைச்ச காரட், தாங்கோ" என்று சன்னத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். பாடம் அதோடு நின்றது. நான் வேறு கேள்வி ஒன்று வைத்திருந்தேன். "சன்னத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், உங்களுக்கு ஏன் அண்ணை உந்த வேலை?" என்று கேட்டேன். அவர் வளையலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு, "உனக்கு விளங்காது" என்று மட்டும் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஓப்பாவுக்கு ஒரு சோதனை வந்தது. கழகத்து அணியில் நான்கு பேருக்குத்தான் இடம். கண் போய்க்கொண்டிருக்கிறது, இந்த முறை விட்டால் இனி இல்லை என்று ஓப்பாவுக்குத் தெரியும். போட்டிக்கு நிற்பவர் அவருடைய சொந்த மச்சான். மச்சான் கடைத்தோட்டா வாங்கிச் சுடுகிறவர். ஓப்பாவின் வாயில் கடைத்தோட்டா என்ற சொல், எங்கள் அக்காவின் வாயில் கடைச்சோறு என்ற சொல் மாதிரியே வரும். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. புதுப்பெட்டிச் சன்னம் வந்திருந்தது. புதிது என்றால் புதிதாக அளக்க வேண்டும். "சனிக்கிழமை காலமை வாறன், எல்லாம் முடிச்சுத் தாறன்" என்று அண்ணை வாக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணை வேலையால் வந்து கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார். பின்னால் வந்த நான் அவரில் முட்டிக்கொண்டேன்.

நவராத்திரி. கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு. அக்கா கும்பம் வைத்து, படத்துக்கு மாலை போட்டு, வீட்டில் இருந்த தொழிற்சாமான் அத்தனையையும் பட்டுத்துணியில் அடுக்கியிருந்தார். அவருடைய தையல் கத்திரிக்கோல். எனது கார் பழகும் புத்தகம். அதற்குப் பக்கத்தில் ஓப்பாவின் வேணியர், அன்றைக்கு வளையல் செய்த வேலையைச் செய்கிற, துளை போட்ட பித்தளைத்துண்டு, மருந்தில்லாத மாதிரித் தோட்டா. தொழிற்சாலை அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க அண்ணைதான் அவற்றை மேலே கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"இஞ்சருமப்பா! உதேன் எடுத்து வைச்சனீர்?"

"உங்கடை தொழில் ஆயுதமெண்டுதானே வைச்சனான். புளி போட்டு மினுக்கியெல்லோ வைச்சிருக்கிறன்."

"அது ஓப்பான்ரை! நாளைக்கு வேணும்!"

"திங்கக்கிழமை விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். வைச்சது வைச்சதுதான். பூசையிலை இருக்கிறதைத் தொடேலாது."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் எனது கார் புத்தகத்தைப் பார்த்தேன். திங்கள் வரை படிக்கத் தேவையில்லை என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், அதைக் காட்டாமல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், வேணியர் வாங்கலாம், பித்தளைத்துண்டு ஓப்பா தன் துவக்குக்கென்று தானே கடைந்தது. உலகத்தில் ஒன்றுதான். இரவு முழுக்க அண்ணை கும்பத்துக்கு முன்னால் நடந்துகொண்டேயிருந்தார் என்று அக்கா சொன்னார். கடவுளைக் கும்பிடுகிற நடை அது இல்லையாம்.

சனிக்கிழமை காலை ஓப்பா காத்திருந்து பார்த்துவிட்டு, தானே மேலே வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றார். அண்ணை வியர்க்க வியர்க்க ஜெர்மனில் விளக்கினார். இது கல்விக்குப் பொறுப்பான அம்மா, ஆயுதத்துக்கும் பொறுப்பு, திங்கட்கிழமை வரை ஆயுதத்துக்கு ஓய்வு, தொடக் கூடாது. கிழவர் கத்தப் போகிறார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓப்பா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் ஓட்டை போடக் கூடாது, புல்லு வெட்டும் மெஷினை எடுக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிற நாட்டுக்காரர் அவர். ஆயுதத்துக்கு ஓய்வு நாள் என்பது அவருக்கு எங்களை விட நன்றாக விளங்கியது. "விதி என்றால் விதி" என்றார். பிறகு குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாதிரித் தோட்டாவை உற்றுப் பார்த்தார். பித்தளை எப்படி இவ்வளவு மினுங்குகிறது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஒரு உருண்டை பழப்புளியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஓப்பா மச்சானிடமே போய், கடைத்தோட்டா ஒரு பெட்டி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அதைக் கேட்டதும் மில்லி அண்ணை கோட்டை மாட்டினார்.

"எங்கை அண்ணை?"

"சுடுற இடத்துக்கு. என்னாலை வந்த வினை. அவரைத் தனிய விடேலாது. நீயும் வா."

காதுக்குள் பஞ்சு, அதற்கு மேல் கழகத்துக் காதுமூடி, அதற்கு மேல் அக்கா பின்னிய கம்பளித்தொப்பி. முதல் வெடிக்கு அண்ணையின் கை எனது முழங்கையைப் பிடித்தது. பிறகு ஒவ்வொரு வெடிக்கும் அந்தப் பிடி இறுகியது. முகம் வெளிறி, உதடு காய்ந்து போயிருந்தது. "வெளியிலை போவம் அண்ணை" என்று சைகை காட்டினேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முடிவு சொன்னார்கள். நான்காவது இடம் ஓப்பா. ஐந்தாவது மச்சான். மச்சான் தன்னுடைய வெற்றுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓப்பாவுக்கும் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. நான் அவருடைய காதுமூடியைத் தூக்கி, "அப்ப இவ்வளவு நாளும் அளந்தது என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

ஓப்பா சுட்ட குறிக் கடதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணை அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாம் இஞ்சைதான் போயிருக்கு, பாத்தியே? வேறை ஒண்டிலையும் படேல்லை." பஞ்சை எடுக்க மறந்ததால் உரக்கவே சொன்னார். "ஊரிலை எங்கடை வீட்டுச் சுவரிலை பட்டது ஒண்டையும் ஆரும் அளந்து விடேல்லையடா தம்பி. அளந்து விட்டால் கடதாசியிலை மட்டும் படும். அதுதான் எனக்கு வேணும்."

நான் அவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை விஜயதசமி. காலையில் ஓப்பா குளித்து, தலை வாரி, சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு, புதுப்பெட்டிச் சன்னத்தோடும் புளியால் தேய்த்துத் தங்கமாக மினுங்கிய கோதுகளோடும் வந்து நின்றார். நல்லநாள் தொடக்கம் என்று அக்கா சொல்லியனுப்பியிருக்கிறார். அணியில் இடம் கிடைத்தாயிற்று, கடைத்தோட்டா போதும் என்றும் தெரிந்தாயிற்று. இனி ஏன் அளக்க வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. குங்குமம் அழியாத வேணியரை அண்ணை எடுத்துக் கும்பிட்டார், பிறகு இரண்டு பேரும் நிலவறைக்கு இறங்கினார்கள். எனது கார் புத்தகத்தை அக்கா எடுத்து எனது கையில் திணித்தார்.

சன்னத்தின் மூக்கை ஏன் நம்பக் கூடாது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்காவது ஒரு வெடி கேட்டு நெஞ்சு திக்கென்றால், எனது முழங்கை தானாகக் கொஞ்சம் விலகி, மில்லி அண்ணை பிடிப்பதற்கு இடம் விடுகிறது.